முழங்காலைச் சுட்ட ஒயர்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கடைக்குச் சாமான் சீட்டு எழுதுவதும், திருப்பூரில் இருக்கும் மகனுக்கு நாலு வரி கடுதாசி போடுவதும்தான் நான் எழுதிய எழுத்து. மறதியும் சேர்ந்துவிட்டது, நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். முன்னால் வர வேண்டியதைப் பின்னால் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜீப் இரண்டு மாதம் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாமல் இருந்த கதையைச் சொல்லப்போகிறேன். அந்த இரண்டு மாதமும் நான் வாயைத் திறந்திருந்தால் ஆறு பேருக்கு உடம்பு வலி மிச்சமாகியிருக்கும். திறக்கவில்லை. அது மனதில் கிடக்கிறது.

வருஷம் இரண்டாயிரத்து மூன்றாக இருக்கும், இல்லாவிட்டால் நான்கு. எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் மலைக்குத்தான் வேலைக்குப் போவோம். மலை என்றால் கம்பமெட்டு ஏறி அந்தப்பக்கம், கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்கள். விடியும்போது ஜீப் புறப்படும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலைக்குத் துண்டு, கையில் சோற்றுக் கூடை. பொழுது சாய வீட்டில் இருப்போம். வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் ஏறிய ஜீப் அது. எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது.

ஜீப்காரர் எங்கள் தெருதான். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பெரியம்மா என்பார். வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்துவார். முதலில் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் ஏறுவோம். அப்புறம் போகிற வழியில் இரண்டு இடத்தில் நின்று மற்றவர்களை ஏற்றிக்கொள்வார். பின்னால் எதிரும் புதிருமாக அடைந்து உட்காருவார்கள்.

முன் சீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில், கியர்க் கம்பியை ஒட்டி உட்காருகிறவள் வயதானவளாக இருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண்ணையோ புதிதாய்க் கல்யாணமானவளையோ அங்கே உட்கார வைத்தால் ஊர் என்னமாவது பேசும். அதனால் எல்லா ஜீப்பிலும் அந்த இடம் ஒரு கிழவிக்கு. எங்கள் ஜீப்பில் நான்தான் அந்தக் கிழவி. கியர் போடும்போது காலை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். முன்னால் அவ்வளவு இல்லை.

அந்த முன் சீட்டு எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அடியிறக்கம் இருந்தது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று கம்பம் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் சொன்னார். ஆபரேசன் செய்ய வேண்டும், அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, முக்கித் தள்ளக் கூடாது என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து ஏலக்காய் எடுக்க மட்டும் முடிந்தது. மூட்டை தூக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜீப்பில் செல்ஃப் போய்விட்டது.

செல்ஃப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் கிர்ரென்று ஒரு சத்தம் வருமே, அதுதான். எஞ்சின் தானாக ஓட ஆரம்பிக்காது. அதை யாராவது முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மோட்டார் செல்ஃப். அது வேலை செய்யாவிட்டால் வண்டியைத் தள்ள வேண்டும். சக்கரம் உருளும், டிரைவர் கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார், உருளுகிற சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும். செல்ஃப் செய்ய வேண்டியதை ஏழு பெண்கள் செய்ய வேண்டும்.

ஆயுத பூசை முடிந்து நாலைந்து நாள் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. அப்புறம் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடி டக். லைட்டைப் போட்டுப் பார்த்தார், நன்றாக எரிந்தது.

"லைட்டு இப்பிடி எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அப்ப செல்ஃபுதான் அவுட்டு" என்றார்.

கம்பத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு எலக்ட்ரீசியன் கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை அங்கே விட்டார். எலக்ட்ரீசியன் செல்ஃபைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோன கார்பன் கட்டைகளை மாற்றிக் கொடுத்தார். கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது பம்பரமாகச் சுற்றியதாம். வண்டியில் மாட்டினால் டக். மறு ஞாயிறு திரும்பக் கொண்டுபோனார். பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டார்கள். அதற்கும் டக். ஜீப்காரருக்கு எலக்ட்ரீசியன் மேல் கோபம், எலக்ட்ரீசியனுக்கு ஜீப்காரர் மேல் கோபம். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

தோட்டத்தில் தள்ள வேண்டியதில்லை. அங்கே எல்லா ஜீப்பையும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள்; பிரேக்கை விட்டால் தானாக உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் எங்கள் தெருவில்தான் பிரச்சினை. தெரு சமதரை. மழைக்காலம் வேறு, சேறு. ஏழு பேரும் பின்னால் போய்ச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளுவோம். வண்டி ஒரு குதி குதித்துப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். நாங்கள் பின்னாலேயே ஓடி ஏறிக்கொள்வோம்.

நாங்கள் என்று எழுதினேன். நான் தள்ளவில்லை. வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி டயர் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வேன். முகத்தை முறுக்கிக்கொள்வேன். வண்டி நகர நகரக் கூடவே நடப்பேன். பக்கத்தில் தள்ளுகிறவர்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று டயரையே பார்த்துக்கொண்டு நடப்பேன்.

எனக்கு வலப்பக்கம் நின்று தள்ளுகிறவள் எங்கள் எதிர்வீட்டுக்காரி. என்னை விடப் பத்து வயது இளையவள். மதினி என்று கூப்பிடுவாள். வாய்க்காரி. செக்போஸ்ட்டில் போலீஸ்காரரையே கேலி பேசிவிட்டு வருவாள்.

"ஏம்ப்பா, தெனமும் தேர் தள்ளுற மாதிரி எங்களத் தள்ள வைக்குற. வண்டி உனக்கா எங்களுக்கா?" என்று ஜீப்காரரிடம் கத்துவாள்.

"தள்ளுங்கக்கா, தள்ளுங்க. மலைக்காத்துக்கு முன்னாடி ஒடம்பு சூடேறட்டும்" என்பார் அவர்.

"எங்க ஒடம்பு சூடேறிருச்சு. ஒன் எஞ்சினுக்குத்தான் ஏறல."

இனி ஒயருக்கு வருகிறேன். டீசல் ஜீப்பில் எஞ்சினை நிறுத்துவதற்குச் சாவி உதவாது. கைப்பிடி ஒன்று இருக்கும், அதை இழுத்தால்தான் எஞ்சின் அடங்கும். அந்தக் கைப்பிடியிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி தடியாக ஒரு ஒயர் எஞ்சினுக்குப் போகும். எங்கள் ஜீப்பில் அது என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும். அதை ஒட்டி ஓர் ஆணி. என் சோற்றுக் கூடையை அதில் மாட்டுவேன். பிளாஸ்டிக் ஒயரில் பின்னிய பச்சைக் கூடை.

காலையில் நான் முதலில் ஏறி உட்காருவேன். ஜீப்காரர் தினமும் நம்பிக்கையோடு சாவியைத் திருப்பிப் பார்ப்பார். டக். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது அந்த ஒயர் என் முழங்காலைச் சுடும். முதல் நாள் பூச்சி கடித்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முழங்காலை நகர்த்திவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லின் ஓரம் மாதிரி சுட்டது. அவர் சாவியை விட்டதும் ஆறிவிட்டது.

எஞ்சின் சூடு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கே அது பொருந்தவில்லை. விடிகாலையில் எஞ்சின் ஓடவே இல்லை. ராத்திரி முழுக்க மழையில் நின்ற வண்டி, தகடெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கிறது. அடுப்பே மூட்டாமல் ஒரு பாத்திரம் மட்டும் எப்படிச் சுடும்? இந்தக் கேள்வி வந்தது. வந்தும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், அவர் ஆம்பளை. அவரிடம் என் முழங்கால் சுடுகிறது என்று எப்படிச் சொல்வது? அது ஒன்று. இன்னொன்றுதான் நிஜம். சுடுகிறது என்று சொன்னால், சரி பெரியம்மா நீங்க பின்னால உட்காருங்க என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பின் சீட்டில் அந்த மலை ரோட்டுக் குலுக்கலை என் உடம்பு தாங்காது. அதனால் காலைச் சுற்றிச் சேலையை நன்றாக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மாதம்.

கார்த்திகை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சரியான மழை. சேற்றில் டயர் வழுக்கி மூன்று தடவை தள்ளியும் பிடிக்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து தள்ளிப் புறப்படுவதற்குள் நேரமாகிவிட்டது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சூப்பர்வைசர் பேரெழுதும் நோட்டை மூடிவிட்டார்.

"சேச்சி, இன்னு பணியில்லா. நாளே வா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்கு வா என்று அர்த்தம்.

போன வழியே திரும்பி வந்தோம். தெருவில் இறங்கும்போது ஜீப்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"யாரும் தப்பா எடுத்துக்காதீக. திங்கக்கெழமையில இருந்து நம்ம தெருவுல ஏறுறவுகள மாத்தணும். தள்ளத் தெம்பு உள்ளவுகளா ஏழு பேரு வேணும். வயசானவுக, முடியாதவுக கொஞ்ச நாளைக்கு வேற ஜீப்புல பாத்துக்கங்க. தோட்டத்துக்காரன் இன்னொருக்கா திருப்பி அனுப்புனா ஒருத்தருக்கும் வேல இருக்காது."

வேறு ஜீப்பில் எங்கே பார்ப்பது? ஒவ்வொரு ஜீப்பிலும் முன் சீட்டுக்கு ஒரு கிழவி ஏற்கெனவே இருக்கிறாள். பின் சீட்டில் நான் உட்கார முடியாது. ஆக, மலை வேலை எனக்கு முடிந்தது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் வயதானவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் சனிக்கிழமை. மழை வெறித்திருந்தது. காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகி வேலைக்குப் போய்விட்டோம். திரும்பி வரும்போது வெயில் இருந்தது. வழியில் ஏறுகிறவர்களை இறக்கிவிட்டு, கம்பத்தில் டீசல் போடப் பங்கில் நிறுத்தினார். பங்கில் எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். டீசல் போட்டு முடிந்ததும் அவர் சாவியைத் திருப்பினார். டக். இறங்கினோம்.

மெயின் ரோடு, பஸ்ஸும் லாரியும் போகிறது, டீக்கடையில் இருக்கிற ஆட்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஜீப்காரர் கண்ணாடியில் பின்னால் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. யார் தள்ளுகிறார்கள் என்று பார்க்கிறார் என்று தோன்றியது. அப்படிப் பார்த்தாரா, நானாக நினைத்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. நான் அன்றைக்கு நிஜமாகவே தள்ளினேன். என்னாலும் முடியும் என்று காட்ட வேண்டும் என்று இருந்தது. காலை ஊன்றி மூச்சைப் பிடித்துத் தள்ளினேன்.

பத்தடி போவதற்குள் அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. கண் இருட்டியது. டயரை விட்டுவிட்டேன். வண்டியும் பிடிக்கவில்லை. உருண்டு போய் எலக்ட்ரீசியன் கடைக்கு முன்னாலேயே நின்றது.

அந்தக் கடை வாசலில் கிடந்த பழைய லாரி டயரில் என்னை உட்கார வைத்தாள் எதிர்வீட்டுக்காரி. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். மற்ற ஐந்து பேரும் டீக்கடைக்குப் போனார்கள். ஜீப்காரரும் எலக்ட்ரீசியனும் பழையபடி ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு வாட்டி ஒங்கிட்டக் குடுத்தேன். என்னா வேல பாத்த?" என்றார் ஜீப்காரர்.

"எங்கிட்டக் குடுத்தது செல்ஃபு. செல்ஃபு நல்லா இருக்கு. இப்பவே கழட்டிக் காட்டுறேன், ஒங் கண்ணால பாரு. சுத்தலைன்னா இந்தக் கடையப் பூட்டிச் சாவிய ஒங்கிட்டத் தாரேன்."

வண்டிக்கு அடியில் போய்ச் செல்ஃபைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் தரையில் வைத்தார். ஒரு பெரிய சொம்பு அளவு இரும்பு, அதன் முதுகில் சின்ன டப்பா மாதிரி இன்னொன்று. ஒரு பேட்டரியை வைத்து இரண்டு தடித்த ஒயரைத் தொட்டார். முதுகில் இருந்தது டக்கென்று உள்ளே இழுத்தது. உடனே முன்பக்கத்திலிருந்து சின்னப் பல்சக்கரம் ஒன்று ஆமைத் தலை மாதிரி வெளியே நீண்டது. நீண்ட வேகத்திலேயே சுற்றியது. காலால் மிதித்துப் பிடிக்காவிட்டால் உருண்டு ஓடியிருக்கும்.

எனக்கு வலியிலும் அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டு மாதமாகப் பேரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சாமான். எலக்ட்ரீசியன் எங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். சாவியைத் திருப்பினால் முதுகில் இருக்கும் சுவிட்ச் அந்தப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளும். அது எஞ்சினில் இருக்கும் பெரிய சக்கரத்தின் பல்லைக் கவ்வும். கவ்விய பிறகு மோட்டாருக்குப் பெரிய கரண்ட் போய் அது எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் சாவியை விட்டால் பல்சக்கரம் பின்னால் வந்து ஒடுங்கிவிடும். நாள் முழுக்க எஞ்சின் ஓடினாலும் இதற்கு வேலை அந்த இரண்டு நொடிதான்.

"எங்க வேலயத்தான் பாக்குது. என்ன, ஓடிப்போயி ஏற வேண்டியதில்ல" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அப்படிச் சொல்லிக்கொண்டே நான் ஜீப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்த கூடையை வாங்கிக் கீழே வைக்கப்போனவள் கைப்பிடியைப் பார்த்தாள்.

"ஏ மதினி, இதென்ன இப்பிடி உருகியிருக்கு? கூடையத் தூக்கி அடுப்புலயா வச்ச?"

பச்சைக் கைப்பிடியில் ஒரு பக்கம் உருகி, இரண்டு பின்னல் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. நான் அவள் காதில் மட்டும் சொன்னேன்.

"அந்த ஒயரு பட்டுருச்சு. சாவியத் திருப்புறப்ப அது சுடும்."

"எந்த ஒயரு?"

"எஞ்சினை அணைக்க இழுப்பாகல்ல, அந்த ஒயரு. என் முட்டியிலயும் சுட்டுருக்கு."

அவளிடம் காதில் சொன்னால் அது காதில் நிற்குமா?

"ஏப்பா எலக்ட்ரீசன்காரரே, இங்கன கேளுங்க. எஞ்சின் அணைக்குற ஒயரு சாவி போட்டாச் சுடுமாம். எங்க மதினி முட்டிய வேக வச்சிருக்கு" என்று ரோடு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த டயருக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. எலக்ட்ரீசியன் கையில் இருந்த ஸ்பானரை வைத்துவிட்டு என்னிடம் வந்து குந்தினார்.

"ஆத்தா, எப்பச் சுடும்? வண்டி ஓடி வந்தப்புறமா?"

"இல்லய்யா. காலையில. வண்டி ஓடுறதுக்கு முன்னாடி. டக்குனு சத்தம் வருமே, அப்ப."

"சாவிய விட்டா?"

"ஆறிரும்."

அவர் எழுந்துபோய்ச் செல்ஃபை மறுபடி மாட்டினார். ஜீப்காரரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் உட்காரும் இடத்தில் கையை விட்டு ஒயரைத் தொட்டார். தொட்ட கையை உதறினார். சிரித்துவிட்டார்.

ஒரு தடித்த ஒயரை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டார். மறு முனையை எஞ்சினின் இரும்பில் கவ்வவிட்டார். "இப்பத் திருப்பு" என்றார்.

கிர்ரென்று சுற்றி ஒரே மூச்சில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் இருந்த எங்கள் ஆட்கள் கிளாசோடு ஓடி வந்தார்கள்.

ஜீப்காரர் சீட்டிலேயே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீசியன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கேட்டார்:

"ஆயுத பூசைக்குச் சேஸுக்குப் பெயிண்ட் அடிச்சியா?"

"ஆமா. அடியில துரு ஏறக் கூடாதுன்னு நானே அடிச்சேன். இண்டு இடுக்கு விடல."

"இந்தச் செம்புப் பட்டையக் கழட்டுனியா?"

"கழட்டி, அதுக்கு அடியிலயும் ரெண்டு கோட்டு அடிச்சு, நல்லா இறுக்கி மாட்டுனேன்."

"அங்கதான் மாப்ள எங்களைக் கொன்ன."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். பேட்டரியிலிருந்து கரண்ட் செல்ஃபுக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பிப் பேட்டரிக்கு வந்து சேர வேண்டும். திரும்பி வருவதற்குத் தனியாக ஒயர் இழுப்பதில்லை, வண்டியின் இரும்பு வழியாகவே வரும். ஆனால் எஞ்சின் ரப்பர்க் கட்டைகள் மேல் உட்கார்ந்திருப்பதால் அது வண்டி இரும்பைத் தொடாது. அதனால் எஞ்சினையும் சேஸ் என்கிற அடிச்சட்டத்தையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். எர்த்துப் பட்டை என்றார். இரும்பும் செம்பும் பச்சையாகத் தொட வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் கரண்ட் போகாது.

நான் மெதுவாகக் கேட்டேன். "தண்ணி வாய்க்கால்ல போனாப் போனதுதான், திரும்பியா வருது? கரண்டு மட்டும் எதுக்குத் திரும்பணும்?"

"ஆத்தா, நீங்க காலையில ஜீப்புல மலைக்குப் போறீக. சாயந்தரம் ஜீப்பு எறங்கி வரலைன்னா மறுநாள் எதுல போவீக? அது மாதிரிதான். இப்ப மெட்டு ரோட்ட அடச்சாச்சு. அதுக்காகச் சும்மா இருப்பாகளா? அரிசி மூட்ட கடத்துறவுக மாதிரிக் குறுக்குப் பாதையில எறங்குறாக. அந்தக் குறுக்குப் பாததான் இந்த ஒயரு. ஒத்தையடிப் பாதையில ஒரு ஊரே எறங்குனா? அதான் சுட்டுருக்கு. செல்ஃபுக்கும் முழுக் கரண்டு கெடைக்கல."

லைட் மட்டும் எப்படி எரிந்தது என்று ஜீப்காரர் கேட்டார். லைட் வண்டியின் உடம்பில் இருக்கிறது, அதற்கு அந்தப் பட்டை வேண்டாம் என்றார் எலக்ட்ரீசியன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் செல்ஃபையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். எர்த்த முதல்ல பாத்திருக்கணும். எம் மேலயும் தப்பு இருக்கு" என்றார். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பட்டையைக் கழற்றி, இரும்பறுக்கும் உடைந்த ஆக்சா பிளேடால் பெயிண்டைச் சுரண்டினார். கறுப்புச் சுருள் சுருளாக விழுந்தது. உள்ளே இரும்பு வெள்ளையாக மின்னியது. துடைத்து மாட்டி முறுக்கியதும் ஜீப்காரர் சாவியைத் திருப்பினார். பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். பிடித்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்தார். நான் எழுந்துபோய் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"சாமிக்கு அலங்காரம் பண்ணுறேன்னு எங்கள ரெண்டு மாசம் உழவு மாடா ஆக்கிட்டியேப்பா. அடுத்த பூசைக்கு வண்டிக்குப் பொட்டு மட்டும் வையி, போதும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜீப்காரர் என்னிடம்தான் கேட்டார். "பெரியம்மா, ரெண்டு மாசமாச் சுட்டுச்சா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் வேலை போயிருக்காது. தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிர்வீட்டுக்காரிதான் என்னைத் தப்ப வைத்தாள். "அது வாயில்லாப் பூச்சி. அதப் போயிக் கேக்குற. வண்டிய எடு" என்றாள். மற்றவர்கள் பின்னால் ஏறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மதினி, நீ ஒரு நாளும் தள்ளலைன்னு எனக்குத் தெரியும். பக்கத்துலதான நிக்குறேன், தெரியாதா? எங்க அம்மாவும் இப்பிடித்தான் ஒக்காரயில ஒருச்சாய்ச்சு ஒக்காரும். அடியிறக்கம் அதுக்கு. ஒன்னயப் பாத்தப்பவே நெனச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லிறாத தாயி."

"சொல்லணும்னா ரெண்டு மாசத்துல சொல்லியிருக்க மாட்டேனா? ஒம் பங்கையும் நாந்தான் தள்ளுனேன். இன்னைக்கு எதுக்கு நீ தள்ளுன? கிறுக்கச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வாய் பேசுகிறவள் அதை மட்டும் யாரிடமும் பேசாமல் வைத்திருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் கூடையோடு வாசலில் நின்றேன். ஏறச் சொல்வாரா என்று சந்தேகம். அவர் சொன்னதை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லையே. அவர் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கிர்ரென்று பிடித்தது. யாரும் பின்னால் போகவில்லை. அவர் கையை நீட்டி முன் சீட்டை ஒரு துணியால் துடைத்தார்.

"ஏறுங்க பெரியம்மா. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குறீக?" என்றார்.

அந்த ஒயருக்கு மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். இனிமேல் அது சுடாது; ஆனாலும் சுற்றியிருந்தார்.

தை முடிந்து ஏலக்காய் எடுப்பு குறைந்த பிறகு எதிர்வீட்டுக்காரியே என்னைத் தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேசனுக்கு எழுதிப் போட்டாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அதே சீட்டில் மலைக்குப் போய் வந்தேன். ஆயுத பூசை வந்தால் ஜீப்காரர் பட்டை இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார். அடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "பெரியம்மா, சுடுதா பாருங்க" என்பார். நானும் தொட்டுப் பார்த்துச் சொல்வேன்.

ஜீப் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு தரம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டை எஞ்சினில் மாட்டியிருந்ததா, கியர் பாக்ஸிலா என்பது எனக்கு நினைவில்லை. செல்ஃப் முதலில் பல்லைக் கவ்வி அப்புறம் சுற்றும் என்று எழுதியிருக்கிறேன்; முன்பின்னாக இருக்கலாம். எலக்ட்ரீசியன் சொன்னதையும் என் வாய்க்கு வந்தபடிதான் எழுதினேன். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.